கப்பல் முதலாளியும் பள்ளி அதிபரும்: அபர்டவி கடற்பள்ளி பிறந்த கதை

இரண்டாம் உலகப் போரைப் பற்றி மேலைநாட்டுக் கல்வியாளரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கதை ஒன்றுண்டு. அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் பிரித்தானிய வணிகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம். மூழ்கிய கப்பல்களிலிருந்து உயிர்காப்புப் படகுகளில் ஏறியோரில், தோள்வலிமை மிக்க இளம் மாலுமிகள் மாண்டு போயினராம். தலைநரைத்த முதிய மாலுமிகள் பிழைத்துக் கரைசேர்ந்தனராம். இது ஏன் என்று ஒரு கப்பல் முதலாளி ஒரு பள்ளி அதிபரிடம் கேட்டார். உடல் இளமையாக இருந்தும் உள்ளம் பழக்கப்படவில்லை என்று அதிபர் விடை கூறினார். இருவரும் சேர்ந்து பதின்ம வயதினருக்குப் படகோட்டமும் தலைமைப் பண்பும் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். அதுவே இன்று உலகின் பல நாடுகளில் இயங்கும் 'அவுட்வேர்ட் பவுண்ட்' இயக்கம்.

இக்கதையை நான் நூல்களில் படித்திருக்கிறேன். கொழும்பில் நடந்த முகாமைத்துவக் கருத்தரங்கொன்றில் பேச்சாளர் ஒருவர் கண்கலங்கக் கூறக் கேட்டுமிருக்கிறேன். நல்ல கதைதான். ஆனால் செய்தி அறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவனுக்கு இத்தகைய கதையைக் கேட்டவுடன் ஒரு கேள்வி எழாமல் இராது. மாண்டவர்களையும் பிழைத்தவர்களையும் எண்ணியவர் யார்? எத்தனை இளைஞர், எத்தனை முதியவர், எந்தக் கடலில், எத்தனை நாள்? கதை சொல்வோர் எவரும் இவ்விலக்கங்களைத் தருவதில்லை.

கதையைச் சோதிக்குமுன் கதைமாந்தரைப் பார்த்துவிடுவோம்.

கப்பல் முதலாளியின் பெயர் லோறன்ஸ் ஹோல்ட். லிவர்பூல் நகரின் புகழ்பெற்ற வணிகக் குடும்பத்தவர். 1929-30இல் அந்நகரின் மேயராகவும் இருந்தவர். அவருடைய குடும்பத்துக்குச் சொந்தமான அல்பிரட் ஹோல்ட் கம்பனியை உலகம் 'புளூ ஃபனல்' என்றே அறியும். கப்பல்களின் புகைபோக்கிகளுக்கு நீலவர்ணம் பூசப்பட்டிருந்தமையால் வந்த பெயர் அது. 1866 தொடக்கம் இக்கம்பனியின் நீராவிக் கப்பல்கள் கீழைத்தேசங்களுக்கு ஓடின. கப்பல்களுக்கெல்லாம் ஹோமரின் காவியங்களிலிருந்து பெயர் வைத்தார்கள்: அகமெம்னன், அக்கிலீஸ், ஏஜாக்ஸ் என்று. அவற்றுள் ஒன்றான 'ஹெக்டர்' போர்க்காலத்தில் கடற்படையால் எடுக்கப்பட்டுப் பீரங்கி பொருத்தப்பட்டது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது துறைமுகத்துக்குள்ளேயே தீப்பற்றி மூழ்கிய கப்பல் அதுதான். அன்றைய குண்டுவீச்சைப் பற்றி நம் வீட்டு முதியோர் கூறக் கேட்டவர்கள் இப்பெயரையும் கேட்டிருக்கக்கூடும்.

இக்கம்பனியைப் பற்றி இன்னொன்றும் கூறவேண்டும். ஹோல்ட் குடும்பத்தார் தமது கப்பல்களை வெளியார் காப்புறுதியில் விடுவதில்லை. நட்டம் வந்தால் தாமே தாங்கிக்கொள்வர். ஆகவே கப்பலின் கட்டுமானத்திலும் மாலுமிகளின் பயிற்சியிலும் அவர்கள் காட்டிய அக்கறை வெறும் பரோபகாரமன்று. ஒவ்வொரு மாலுமியின் தவறும் முதலாளியின் பணப்பெட்டியில் வந்து முடியும். எதிர்கால அதிகாரிகளைத் தாங்களே இளம் வயதில் சேர்த்து வளர்க்கும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. போர் வந்தபோது அக்கம்பனி முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களை இழந்தது. பிரித்தானிய வணிகக் கப்பல்களில் வேலை செய்தோரில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்போரில் மாண்டனர். இவ்விலக்கத்தின் நடுவே அமர்ந்துதான் லோறன்ஸ் ஹோல்ட் சிந்தித்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

பள்ளி அதிபர் கேர்ட் ஹான் முற்றிலும் வேறுபட்ட மனிதர். 1886இல் பெர்லினில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஒக்ஸ்போர்ட்டிலும் ஜேர்மன் பல்கலைக்கழகங்களிலும் பயின்றவர். இளமையில் கடும் வெயில் தாக்கி நோயுற்றமையால் வாழ்நாள் முழுவதும் ஒளிக்கு அஞ்சி அகன்ற தொப்பியுடன் திரிந்தவர். உடலுரத்தைப் போற்றும் கல்வி இயக்கமொன்றின் தந்தை தாமே நோயாளியாக இருந்தது விதியின் விளையாட்டுத்தான். முதலாம் உலகப் போரின் முடிவில், ஜேர்மன் பேரரசின் கடைசிச் சான்சலராகச் சில வாரங்கள் பதவி வகித்த பாடன் இளவரசர் மக்ஸுக்கு இவர் செயலாளர். போரில் தோற்ற நாட்டுக்குப் புதிய தலைமுறை ஒன்று வேண்டும் என எண்ணிய இருவரும் 1920இல் இளவரசரின் சாலெம் மாளிகையில் ஒரு பள்ளியைத் தொடங்கினர்.

1932இல் பொட்டெம்பா என்னும் ஊரில் நாஜிக் குண்டர்கள் ஒரு கம்யூனிஸ்ட் தொழிலாளியை அவனுடைய தாயின் கண்முன்னே மிதித்துக் கொன்றனர். கொலையாளிகளுக்கு ஹிட்லர் ஆதரவுத் தந்தி அனுப்பினார். அப்போது ஹான் சாலெமின் பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார். சாலெமா ஹிட்லரா, இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள் என்பதே அதன் சாரம். நடுநிலை என்ற பெயரில் வாய்மூடி இருந்த கல்விமான்கள் நிறைந்த நாட்டில் இவ்வாறு எழுத நெஞ்சுரம் வேண்டும். ஹானைப் பற்றி எனக்குப் பல ஐயங்கள் உண்டு. ஆனால் அக்கடிதத்துக்காக அவரை மதிக்கிறேன். 1933 மார்ச்சில் அவர் கைதானார். பிரித்தானியப் பிரதமர் ராம்சே மக்டொனால்ட் உள்ளிட்டோரின் தலையீட்டால் விடுதலையாகி, அவ்வாண்டே பிரித்தானியாவுக்கு அகதியாக வந்து சேர்ந்தார்.

மறு ஆண்டு, 1934இல், ஸ்கொட்லாந்தின் வடகிழக்கே மொறே கரையில் கோர்டன்ஸ்டன் பள்ளியை ஹான் தொடங்கினார். அங்கேதான் கடல் அவருடைய கல்விக்குள் முழுமையாக நுழைந்தது. அருகிலுள்ள ஹோப்மன் துறைமுகத்தில் மாணவர்கள் படகோட்டம் பயின்றனர். புயல் நாட்களில் கரையோரக் காவலருக்கு உதவியாகக் கண்காணிப்பில் ஈடுபட்டனர். சாலெமிலிருந்து வந்து சேர்ந்த ஆரம்ப மாணவர்களுள் ஒருவர் பின்னாளில் எடின்பரோ கோமகனான பிலிப். அவர் 1940இன் தொடக்கத்தில் இளநிலைக் கடற்படையினராக 'ரமிலிஸ்' போர்க்கப்பலில் வந்து இணைந்தது நமது கொழும்புத் துறைமுகத்தில் என்பது பலர் அறியாத செய்தி.

போர் மூண்டதும் கோர்டன்ஸ்டன் கட்டடங்களை இராணுவம் எடுத்துக்கொண்டது. 1940இல் பள்ளி வேல்ஸ் நாட்டின் நடுவேயுள்ள லாண்டினம் என்ற கிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. மலைகள் சூழ்ந்த அவ்விடத்தில் கடல் இல்லை. மாணவர்கள் கடற்பயிற்சிக்காக மேற்குக் கரையில் டவி ஆற்றின் முகத்திலுள்ள அபர்டவிக்குச் செல்லலாயினர். பள்ளியில் லோறன்ஸ் ஹோல்ட்டின் மகன் பயின்றுகொண்டிருந்தான். இவ்வாறுதான் முதலாளியும் அதிபரும் நெருங்கினர்.

ஹானுக்கு ஒரு திட்டம் இருந்தது. உடற்பயிற்சி, நெடும்பயணம், சொந்த முயற்சியிலான ஒரு வேலை, பிறருக்கான சேவை ஆகிய நான்கிலும் தேறிய எந்த இளைஞனுக்கும் பதக்கம் வழங்கவேண்டும் என்பது அது. செல்வந்தர் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி நாட்டின் எல்லா இளைஞருக்கும் அது கிட்டவேண்டும் என விரும்பினார். ஆனால் அதனை நடத்தப் பணம் இல்லை. ஹோல்ட்டிடம் பணம் இருந்தது, கப்பல்கள் இருந்தன, ஆனால் அக்கப்பல்களில் ஏறும் இளைஞர்மீது நம்பிக்கை இருக்கவில்லை. நீராவி யுகத்தில் வளர்ந்தவனுக்குக் காற்றின் குறிப்பும் அலையின் போக்கும் தெரியாது, பாய்க்கப்பலில் தேர்ந்த கிழவனுக்கே அவை தெரியும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். ஒருவருக்குப் பணம் தேவை, மற்றவருக்குப் பயிற்சி தேவை. 1941 ஒக்டோபர் 4ஆம் திகதி அபர்டவியில் முதலாவது பயிற்சி நெறி ஆரம்பமாயிற்று.

பெயரைத் தந்தவர் ஹோல்ட். துறைமுகத்தை விட்டு வெளிக்கடலை நோக்கிப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் மாலுமிகளின் சொல்லே 'அவுட்வேர்ட் பவுண்ட்'. ஹோல்ட் இப்பெயரில் பிடிவாதமாக நின்றார். இன்று உலகறிந்த பெயராகிவிட்டது.

முதல் பொறுப்பாளர் ஜிம் ஹோகன் என்னும் ஆசிரியர். பின்னாளில், 1968இல், அவர் எழுதிய நூல் ஆரம்பகால நெருக்கடிகளை ஒளிவுமறைவின்றிக் கூறுவது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற பிறெடி ஃபுல்லர் புளூ ஃபனல் கப்பல்களில் பணிபுரிந்த மாலுமி. அடுத்தடுத்து இருமுறை கப்பல் தாக்கப்பட்டும் தப்பியவர் என்றும், திறந்த படகொன்றை முப்பத்தைந்து நாட்கள் நடத்தி ஓர் உயிரையும் இழவாமல் கரைசேர்த்தவர் என்றும் அவ்வியக்கத்தின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அத்தகையவரிடம் படகுப்பாடம் கேட்பது பெரும்பேறு அல்லவா?

பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம். வந்தவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். புளூ ஃபனலின் இளம் பயிற்சியாளர், வேறு கப்பற் பயிற்சிக்கூடங்களின் மாணவர், தொழிற்சாலைகள் அனுப்பிய தொழில் பழகுநர், பொலிஸ், தீயணைப்புப் படைகளில் சேரவிருந்தோர், உயர்குடிப் பள்ளிகளின் மாணவர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ். வர்க்க வேறுபாடு உச்சரிப்பிலேயே தெரிந்துவிடும் அந்நாட்டில் லிவர்பூல் துறைமுகத் தொழிலாளியின் மகனும் பிரபுவின் மகனும் ஒரே பலகையில் அமர்ந்து தண்டு வலிப்பது அன்று சிறிய காரியமன்று. கப்பல் வழக்குப்படி பையன்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். புகைத்தலும் மதுவும் கூடாது. சிறுபடகுப் பயிற்சி, ஓட்டம் பாய்தல், திசைகாட்டியும் வரைபடமும் கொண்டு வழி கண்டுபிடித்தல், உயிர்மீட்புப் பயிற்சி, மலைவழியே நெடுநடை, ஊர்மக்களுக்கான பணி என்பன நாளாந்த வேலைகள். எல்லாவற்றுக்கும் சிகரமாக 'கரிபால்டி' என்ற இரு பாய்மரக் கப்பலிலோ, கோர்டன்ஸ்டனுக்குரிய 'பிரின்ஸ் லூயிஸ்' என்ற பாய்க்கப்பலிலோ கடற்பயணம்.

இதனைக் கடலுக்கான பயிற்சி என்று கொள்ளாமல், கடலின் வழியாகப் பெறும் பயிற்சி என்று கொள்ளவேண்டும் என்பது அப்பள்ளியின் கொள்கை. நான்கு வாரத்தில் எவனும் மாலுமியாகிவிட முடியாது என்பது ஹோல்ட்டுக்கே நன்கு தெரியும். அவ்வாறாயின் படகு எதற்கு?

டவி ஆற்றின் முகம் படகுக்கு இலகுவான இடமன்று. வற்றுப்பெருக்கு வேகமானது, கடலோடு சேருமிடத்தில் மணல்மேடு உண்டு. நீர் வற்றும்போது காற்று கடலிலிருந்து வீசினால் அம்மேட்டின்மேல் அலை நிமிர்ந்து நிற்கும். தண்டு வலிக்கும் கட்டர் படகில் பத்துப் பையன்கள் இருப்பதாகக் கொள்வோம். எல்லோரும் படகு செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பார்கள். முன்னே வருவதைப் பார்க்கக்கூடியவன் சுக்கான் பிடித்திருக்கும் ஒருவன் மட்டுமே. பத்துப் பேரின் தசையும் அவனுடைய கண்ணை நம்பி இயங்குகின்றன. அவன் சொல்லும் சொல் தாமதித்தால் படகு அலைக்கு விலா காட்டிவிடும். அவசரப்பட்டால் தண்டுகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். அவன் கூச்சலிட்டால் பயன் இல்லை. கெஞ்சினாலும் பயன் இல்லை. கட்டளை சரியா தவறா என்பதைப் படகு அக்கணமே சொல்லிவிடும். இதில் ஆசிரியர் புள்ளியிட வேண்டிய தேவையே இல்லை. மறுநாள் சுக்கான் வேறொருவன் கைக்குப் போகும். நேற்றுக் கட்டளையிட்டவன் இன்று முதுகு காட்டி அமர்ந்து, இன்னொருவனை நம்பித் தண்டு வலிக்க வேண்டும்.

தலைமை என்பதை மேடைப்பேச்சிலும் பதவியிலும் கண்டு பழகிய நமக்கு இந்த இரண்டாம் பாடம் முதற் பாடத்தைவிட முக்கியமானது என்பது என் கருத்து. கட்டளையிடப் பழக்கும் பள்ளிகள் உலகில் நிறைய உள. பிறர் கட்டளையை நம்பி உழைக்கவும், அக்கட்டளையின் பெறுமதியை அளக்கவும் ஒருசேரப் பழக்குவது சிறுபடகில்தான் இயற்கையாக நிகழ்கிறது.

சிறுவரைப் படகில் ஏற்றித் தலைவராக்கும் எண்ணம் ஹோல்ட்டும் ஹானும் கண்டுபிடித்ததன்று. சாரணர் இயக்கத்தின் தந்தை பேடன் பவல் 1909லேயே கடற் சாரணர் முயற்சியைத் தொடங்கிவிட்டார். அவருடைய தமையனார் வாரிங்டன் 1912இல் அதற்கெனக் கைந்நூல் எழுதினார். இலங்கையில் மாத்தளையில் சாரணியம் அரும்பியதும் அதே 1912இல்தான். அவ்வாண்டு ஓகஸ்ட் 4ஆம் திகதி லண்டனின் வோல்வேர்த் என்னும் ஏழைப் பகுதியைச் சேர்ந்த சாரணச் சிறுவர் தேம்ஸ் நதிவழியே பாய்ப்படகில் லெய்ஸ்டவுன் கடற்கரைப் பாசறைக்குச் சென்றுகொண்டிருந்தனர். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் திடீர்க் காற்று படகைக் கவிழ்த்தது. ஒன்பது சிறுவர் மாண்டனர். அப்போது கடற்படை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் 'ஃபேர்வென்ட்' என்ற போர்க்கப்பலை அனுப்பி அச்சிறுவரின் சடலங்களைத் தேம்ஸ் வழியே லண்டனுக்குக் கொண்டுவரச் செய்தார். அரச மரியாதை கிடைத்தது. ஆனால் கடற்கல்விக்கு எத்தகைய படகு, எத்தனை பேர், எத்தகைய வானிலை என்ற கேள்விகள் அந்த மரியாதையால் தீர்ந்துவிடவில்லை.

இனி முதியவர் பிழைத்தனர், இளைஞர் மாண்டனர் என்ற கதைக்கு வருவோம்.

1940 ஓகஸ்ட் 21ஆம் திகதி இரவு 'அங்லோ சக்சன்' என்ற பிரித்தானிய வணிகக் கப்பலை ஜேர்மனியரின் மாறுவேடக் கப்பலொன்று அத்திலாந்திக்கில் சுட்டு மூழ்கடித்தது. ஏழு பேர் பதினெட்டு அடி நீளமான சிறுபடகில் தப்பினர். சிலர் காயப்பட்டிருந்தனர். தண்ணீரும் உணவும் மிகச் சொற்பம். எழுபது நாட்களின் பின், ஒக்டோபர் 30ஆம் திகதி, பகாமாஸ் தீவுக்கூட்டத்தின் எலூத்தரா தீவில் அப்படகு ஒதுங்கியபோது இருவரே உயிருடன் இருந்தனர்: ரொபேட் டப்ஸ்கொட், ரோய் விடிகோம். ஒருவருக்கு வயது 19. மற்றவர் இருபதுகளில் காலடி வைத்தவர். படகுக்குத் தலைமை தாங்கிய முதல்நிலை அதிகாரியோ நம்பிக்கை இழந்து கடலில் இறங்கிவிட்டார். இங்கே கதை தலைகீழாகிறது.

1942 நவம்பரில் 'பென்லோமண்ட்' என்ற கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. தப்பியவர் ஒரே ஒருவர்: பூன் லிம் என்ற சீனப் பரிசாரகர். வயது 24. மரத்தெப்பமொன்றில் தனியாக 133 நாட்கள் உயிரோடிருந்து, 1943 ஏப்ரலில் பிரேசில் கரையருகே மீனவரால் மீட்கப்பட்டார். அவர் பாய்க்கப்பலில் வளர்ந்தவரல்லர். நன்றாக நீந்தக்கூடத் தெரியாதவர். ஆணியையும் கயிற்றையும் கொண்டு மீன் பிடித்தார், மழைநீரைச் சேகரித்தார், பறவைகளைப் பிடித்துத் தின்றார். எந்தப் பள்ளியும் அவருக்கு மனவுறுதி கற்பித்ததாகத் தெரியவில்லை.

இரண்டு மூன்று உதாரணங்களால் ஒரு பொதுவிதி பொய்த்துவிடாது என்பதை அறிவேன். எனினும் பொதுவிதி என்று கூறுவதற்கே ஆதாரம் வேண்டுமல்லவா? பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1940 முதல் 1944 வரை மூழ்கிய கப்பல்களில் இருந்தோர் எதிர்கொண்ட ஆபத்துகளை ஆராய்ந்து 1956இல் அறிக்கையொன்றை வெளியிட்டது. உயிர்காப்புப் படகுகளில் மனிதரைக் கொன்றவற்றுள் குளிரும் குடிநீர்ப் பற்றாக்குறையுமே அதில் முன்னிற்கின்றன. அவற்றின் முன்னே மனவுறுதி ஓரளவுக்கே நின்றுபிடிக்கும். படகில் கூடுதலாக ஒரு பீப்பாய்த் தண்ணீர், நனையாத போர்வை, பற்றியெரியும் சைகை விளக்கு ஆகியன காப்பாற்றிய உயிர்கள் எத்தனையோ.

அப்படியானால் ஹோல்ட் பொய் சொன்னாரா? இல்லை என்றே எண்ணுகிறேன். அவர் கூறியது வேறு. பிற்காலத்தார் கூறுவது வேறு. நீராவிக் கப்பலின் இளைஞருக்குப் பாயும் காற்றும் தெரியவில்லை, பயிற்சிக் குறைவால் வீணாக உயிர்கள் போகின்றன என்பதே அவருடைய கவலை. படகில் பாயேற்றத் தெரிந்த ஒருவன் இருந்தால் எல்லோரும் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அத்தெரிந்தவன் பெரும்பாலும் வயதானவனாக இருப்பான். இது நியாயமான கூற்று. ஆனால் இதே கூற்று மேடைக்கு மேடை, துண்டுப்பிரசுரத்துக்குத் துண்டுப்பிரசுரம் ஏறியிறங்கும்போது தேய்ந்து, 'கிழவர் பிழைத்தனர், இளைஞர் மாண்டனர்' என்ற எதிர்மறை அழகாகிவிட்டது. செய்திக்குத் தலைப்பிடுபவர்கள் செய்யும் வேலைதான், நாங்களும் செய்யாததன்று.

ஆயினும் இத்தேய்வு தீங்கற்றதன்று. படகில் மாண்ட பத்தொன்பது வயதுப் பையனின் மரணத்துக்கு அவனுடைய உள்ளத் தளர்ச்சியே காரணம் என்று இக்கதை கூறாமற் கூறுகிறது. தண்ணீர் எவ்வளவு இருந்தது, படகில் வானொலி இருந்ததா, மீட்புக் கப்பல் ஏன் வரவில்லை என்ற கேள்விகள் மறைந்துவிடுகின்றன. இறந்தவர்களால் மறுப்பறிக்கை எழுத முடியாது.

விடிகோம் 1941இல் 'சயாமிஸ் பிரின்ஸ்' என்ற கப்பலில் நாடு திரும்பிக்கொண்டிருந்தார். பெப்ரவரி 17ஆம் திகதி, தாயகம் அண்மித்த வேளையில், அதுவும் தாக்கப்பட்டது. ஒருவரும் தப்பவில்லை. எழுபது நாள் கடலை வென்றவனின் உறுதி அன்று எங்கே போயிற்று என்று எவராவது கேட்பார்களா?

போர் முடிந்ததும் அபர்டவியின் முதல் நோக்கமும் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1946இல் அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. 1949இல் மொறே கரையில் இரண்டாவது கடற்பள்ளி; 1950இல் எஸ்க்டேலில் முதல் மலைப்பள்ளி. அதாவது பத்து ஆண்டுகளுக்குள்ளேயே கடலின் இடத்தில் மலையை வைக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். மலாயாவின் லுமுட்டில் 1950களின் நடுப்பகுதியில் ஒரு பள்ளி எழுந்தது. பெண்களுக்கெனத் தனிப்பள்ளி அபர்டவிக்கு அருகிலேயே ரோனியாரில் அமைவதற்கு 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தலைமைக்குரியவர் ஆண்களே என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணியிருந்தார்கள் என்பது வியப்புக்குரியதன்று, வருத்தத்துக்குரியது. ஹானின் பதக்கத் திட்டமோ 1956இல் எடின்பரோ கோமகன் விருதாக மறுபிறவி எடுத்தது.

ஐம்பதுகளில் பயிற்சிக்கு ஆட்களைப் பெருமளவில் அனுப்பியவர்கள் தொழில் அதிபர்கள். தமது பழகுநர் ஒழுங்கும் விசுவாசமும் கற்றுத் திரும்புவர் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். 'பண்புப் பயிற்சி' என்பது அன்றைய மந்திரச்சொல். அறுபதுகளில் அச்சொல்லுக்கு மவுசு குறைந்தது. தனிமனிதனின் சுய வளர்ச்சி என்று பேசலாயினர். வரலாற்றாசிரியர் மார்க் ஃபிறீமன் 2011இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். படகு அதே படகு, அலை அதே அலை. அதிலிருந்து எத்தகைய மனிதன் இறங்கவேண்டும் என்ற எதிர்பார்ப்புத்தான் காலத்துக்குக் காலம் மாறியது.

அமெரிக்காவில் இவ்வியக்கம் 1962இல் கொலராடோ மலைகளில் தொடங்கியது. கடலுக்கு வந்தது 1964இல், மெயின் மாநிலக் கரைக்கப்பாலுள்ள ஹரிகேன் தீவில். கருங்கல் அகழ்ந்து கைவிடப்பட்ட தீவு அது. அங்கே பயன்படுத்திய படகுகள் முப்பது அடி நீளமானவை. இரு பாய்மரம், நீண்ட தண்டுகள், இயந்திரம் இல்லை, அறை இல்லை. இரவானால் தண்டுகளைக் குறுக்கே பரப்பி அவற்றின்மேல் நெருங்கிப் படுத்துறங்குவர். ஒருவர் மாறி ஒருவர் நங்கூரக் காவல் இருப்பர். காற்றுப் பிடித்தால் பாய், காற்று விழுந்தால் தண்டு. பின்னாளில் அவ்வியக்கம் அத்தீவை விட்டு நீங்கியது. ஆனால் அவ்வகைப் படகு அக்கரையோரத்தில் ஒரு தலைமுறையின் நினைவில் நிலைத்துவிட்டது.

லெய்ஸ்டவுன் எழுப்பிய கேள்விகளுக்குச் சட்டம் விடை கூற எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 1993 மார்ச் 22ஆம் திகதி இங்கிலாந்தின் தென்கரையில் லைம் குடாவில், தனியார் நிலையமொன்று நடத்திய சிறுதோணிப் பயிற்சிக்குச் சென்ற பிளிமத் நகர் மாணவர் நால்வர் குளிர்ந்த கடலில் உயிரிழந்தனர். அது அவுட்வேர்ட் பவுண்ட் நிலையமன்று. அங்கே பாதுகாப்பு ஒழுங்குகள் போதா என்று முன்னாள் பயிற்றுநர் இருவர் முந்தைய ஆண்டே நிருவாகத்துக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தனர் என்பது பின்னர் வெளிவந்தது. 1994இல் நிலையத்தின் பணிப்பாளர் சிறை சென்றார். கம்பனியும் மரணம் விளைவித்த குற்றத்துக்கு உள்ளாயிற்று. பிரித்தானியாவில் ஒரு கம்பனி இக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. 1995இல் நாடாளுமன்றம் இத்தகைய நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் பின்னரும் பதின்ம வயதினர் கடலுக்குப் போகிறார்கள். ஆனால் வானிலை அறிக்கை, மிதவை அங்கி, துணைப்படகு, பயிற்றுநரின் தகைமை ஆகியவற்றைச் சோதிக்க ஒருவர் கரையில் நிற்கிறார்.

கேர்ட் ஹான் போருக்குப்பின் சாலெமுக்குத் திரும்பி, 1974இல் அதன் அருகிலேயே காலமானார். லோறன்ஸ் ஹோல்ட் 1961இல் மறைந்தார். நீலப் புகைபோக்கிக் கப்பல்கள் இன்று எந்தத் துறைமுகத்துக்கும் வருவதில்லை. அவற்றுக்கு மாலுமி தேடத் தொடங்கிய அபர்டவிப் பள்ளி மட்டும் அதே ஆற்றுமுகத்தில் நடந்துகொண்டிருக்கிறது. ஆண்களும் பெண்களும் சேர்ந்தே பயில்கின்றனர்.

'அங்லோ சக்சன்' படகு நெடுங்காலம் அமெரிக்க நூதனசாலையொன்றில் இருந்து, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நாடு திரும்பி, லண்டன் இம்பீரியல் போர் நூதனசாலையின் சேகரிப்பில் சேர்ந்தது. லண்டனில் வாழும் நம்மவர் அங்கே சென்று அதனைக் காண வாய்த்தால், மேல்விளிம்புப் பலகையைச் சற்று உற்றுப்பார்க்க வேண்டுகிறேன். நாட்களைக் கணக்கிடக் கத்தியால் இட்ட வெட்டுக் குறிகள் அதில் உள்ளன. ஆரம்ப நாட்களுக்கு மட்டுமே குறிகள் இருக்கின்றன.